அடைத்த கதவும் அயராத உள்ளமும்

வாழ்நாளில் ஒருமுறையேனும் அடைத்த கதவின் முன் நில்லாதவர் உலகில் அரியர். ஒரு கல்வியை விரும்பி விண்ணப்பம் விடுக்கின்றோம். இடம் இல்லை என்னும் விடை வருகின்றது. அவ்விடை வந்த நாளில் உலகமே இருண்டுவிட்டது போலத் தோன்றும். புதுச்சேரிக்கு வடக்கே, அலைகள் ஓயாது மோதும் கடற்கரையில் பிள்ளைச்சாவடி என்னும் மீனவர் ஊர் உள்ளது. நோயாளர்க்குத் தொண்டு செய்ய வேண்டும் என்னும் ஆர்வத்தால், செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பெண்கள் இத்தகைய ஊர்களில் பலர் உளர். ஆயினும், விண்ணப்பித்தோர் அனைவர்க்கும் இடம் கிடைப்பதில்லை. இடம் பெறாத பெண் அன்று வீடு திரும்பும்போது, இனிச் செய்யத்தக்கது யாது என்னும் வினாவும் அவளுடனேயே வருகின்றது. அவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கிச் சென்ற பெருமாட்டியார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஆவர்.

பிறப்பும் இளமையும்

முத்துலட்சுமி அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். அந்நாளில் புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த தனி அரசாகும். தந்தையார் நாராயணசாமி ஐயர். அவ்வூர் மன்னர் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றிய பேரறிஞர். தாயார் சந்திரம்மாள், இசைவேளாளர் குலத்தில் தோன்றியவர். சாதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த அக்காலத்தில் இவ்விருவரும் மணந்து வாழ்ந்தமையால் ஐயரின் சுற்றத்தார் அவரை ஒதுக்கி வைத்தனர். பிறப்பினால் மக்களை அளக்கும் வழக்கம் எத்துணைக் கொடியது என்பதை, முத்துலட்சுமி நூல்களைக் கற்று உணர்வதற்கு முன்பே தம் இல்லத்தில் கண்டு உணர்ந்தார்.

அக்காலத்தில் பெண்கல்வி என்பது சிறிதளவு எழுதவும் படிக்கவும் அறிந்த அளவில் முடிந்துவிடும். பெண் பருவம் எய்தியதும் பள்ளியினின்றும் நிறுத்தப்படுவாள். விரைவில் மணம் செய்து கொடுக்கப்படுவாள். முத்துலட்சுமியும் தம் 13ஆம் வயதில் பள்ளியை விட்டு நிற்க நேர்ந்தது. அவர் எதிர்கொண்ட முதற்கதவு இதுவே. கல்வியில் குறைவுடையவர் என்று அவரைப் பள்ளி விலக்கவில்லை, வழக்கம் விலக்கியது. மகளுக்கு விரைவில் மணம் முடித்துவிட வேண்டும் என்று தாயார் கவலை கொண்டார். அவர் காலத்துத் தாயர் அனைவர்க்கும் இருந்த கவலையே அது. அதனைக் குற்றம் என்று கூறுதல் பொருந்தாது.

மகளோ மணத்தினும் கல்வியையே விழைந்தார். பள்ளிக்குச் செல்லுதல் கூடாது என்றால், பள்ளிப் பாடத்தை வீட்டிலிருந்தே கற்றல் கூடாது என்று யாரும் கூறவில்லையே! தந்தையார் துணைநின்றார். வீட்டிலேயே பாடங்கள் நடைபெற்றன. உடன் பயின்றோர் பள்ளி செல்வதைக் கண்டு மனம் நொந்து கிடவாமல், அவர்கள் கற்கும் நூல்களையே அவரும் கற்றார். 1902ஆம் ஆண்டில் தனித்தேர்வராக அமர்ந்து மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். பள்ளியின் கதவு அடைபட்டது. ஆயினும் பள்ளிக் கல்வியின் பயன் அவர்க்குக் கைகூடிற்று.

கல்லூரி வாயில்

அடுத்துச் செய்வது யாது என்னும் வினா மீண்டும் எழுந்தது. மேலே கற்க வேண்டுமாயின் கல்லூரியில் சேர்தல் வேண்டும். ஊரில் இருந்ததோ ஆடவர் பயிலும் மன்னர் கல்லூரி ஒன்றே. முத்துலட்சுமி அதற்கு விண்ணப்பம் விடுத்தார். ஒரு பெண் விண்ணப்பித்தாள் என்னும் செய்தி ஊரெங்கும் பரவியது. எதிர்ப்பும் உடன் பரவியது. இளைஞர்கள் பயிலும் வகுப்பில் ஒரு பெண் அமர்ந்தால் அவர்களது ஒழுக்கம் கெடும் என்று சிலர் கூறினர். அவரது தாயாரின் குலத்தைச் சுட்டி, இத்தகைய குடும்பத்துப் பெண்ணைச் சேர்த்தல் தகாது என்று வேறு சிலர் கூறினர். கல்லூரியை நடத்துவோரும் அவரை வரவேற்கவில்லை. தந்தையார் முதல்வராக விளங்கிய அதே கல்லூரி, மகளுக்கு இடந்தர மறுத்து நின்றது.

இங்கே ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். ஒரு விண்ணப்பம் இரண்டு காரணங்களால் மறுக்கப்படலாம். விண்ணப்பித்தவர்பால் தகுதி குறைந்திருத்தல் ஒன்று; வாயில் காப்போர்பால் நடுவுநிலை குறைந்திருத்தல் மற்றொன்று. முன்னதற்கு மருந்து மேலும் கற்றல். பின்னதற்கு மருந்து முறையிடுதல். இவ்விரண்டனையும் வேறுபடுத்தி அறியாதவர், தம் குறையைப் பிறர்மேல் ஏற்றிச் சினம் கொள்வர். அல்லது பிறர் குறையைத் தம்மேல் ஏற்றிச் சோர்வு கொள்வர். முத்துலட்சுமி இரண்டும் செய்திலர். தேர்வில் வெற்றி பெற்ற சான்று அவர் கையில் இருந்தது. ஆதலின் தகுதியில் குறையில்லை என்பதை அவர் அறிவார். முறையீடு மன்னரின் திருமுன் சென்றது.

அந்நாளில் புதுக்கோட்டையை ஆண்டவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். எதிர்ப்பாளரின் கூற்றை அவர் பொருட்படுத்தவில்லை. முத்துலட்சுமியைக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டதோடு, கல்வி உதவித்தொகையும் வழங்கினார். இளம்பெண் ஒருத்தியின் கல்விக்காக ஓர் அரசர் தம் நாட்டுப் பெரியோர் சிலரின் மனக்கசப்பையும் ஏற்றுக்கொண்டமை போற்றத்தக்கதே. ஆயினும் அரசரது ஆணைக்கும் ஒரு பற்றுக்கோடு வேண்டுமன்றோ? 13ஆம் வயதில் நூல்களை மூடி வைத்திருந்தால், அரசர் எதனைக் கொண்டு ஆணையிடுவார்? வீட்டின் மூலையில் அமர்ந்து கற்ற கல்வியே அரசரது ஆணைக்கு அடிப்படை ஆயிற்று.

இடம் கிடைத்ததும் இன்னல் நீங்கிவிடவில்லை. மறைப்பிட்ட வண்டியில் அவர் கல்லூரிக்குச் சென்றார். வகுப்பில் அவர்க்கும் மாணவர்க்கும் இடையே திரை தொங்கியது. ஆசிரியரின் முகம் தெரியும். உடன் பயில்வோர் முகம் தெரியாது. இவ்வாறு தனித்திருந்து கற்றல் ஓர் இளம்பெண்ணுக்கு எளிதன்று. ஆயினும் திரையைப் பற்றிக் குறை கூறிப் பொழுதைக் கழியாமல், திரைக்கு அப்பால் ஒலித்த பாடத்தைக் கருத்தூன்றிக் கேட்டார். கல்லூரித் தேர்விலும் வெற்றி கண்டார்.

மருத்துவக் கல்வி

பெண்களுக்கு மருத்துவம் செய்யப் பெண் மருத்துவர் வேண்டும் என்னும் உணர்ச்சி அந்நாளில் தோன்றியிருந்தது. நோயுற்ற பெண்கள் பலர் ஆடவரான மருத்துவரிடம் உடலைக் காட்ட நாணி, மருத்துவமின்றியே மாண்டனர். இத்துன்பத்தைக் கண்டு இரங்கிய மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது, 1875ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். அவரையும் உள்ளிட்ட நான்கு பெண்கள் அவ்வாண்டில் அங்கே இடம் பெற்றனர். அமெரிக்காவில் எலிசபெத் பிளாக்வெல் என்பார் பல மருத்துவக் கல்லூரிகளால் மறுக்கப்பட்டுப் பின்னர் ஒன்றில் இடம்பெற்று, 1849ஆம் ஆண்டில் பட்டம் பெற்றிருந்தார். ஆகவே, மருத்துவக் கல்வியின் வாயில் எந்நாட்டிலும் பெண்களுக்கு எளிதில் திறக்கப்படவில்லை என்பது தெளிவு.

முத்துலட்சுமி 1907ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். புதுக்கோட்டையின் சிறிய சூழலில் வளர்ந்தவர்க்குச் சென்னை பெருநகரமாகத் தோன்றியது. பயிலும் நூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு மருத்துவம் முதலிய துறைகளை அயராது கற்றார். பரிசுகளும் பதக்கங்களும் அவரை நாடி வந்தன. 1912ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். தென்னாட்டில் அப்பட்டம் பெற்ற முன்னோடி மகளிருள் அவர் ஒருவர். சேர்த்தல் தகாது என்று ஒருகால் விலக்கப்பட்ட பெண், இப்பொழுது நோயுற்ற பெண்கள் நம்பி நாடும் மருத்துவராகச் சென்னை அரசு மருத்துவமனையில் பணியாற்றினார்.

1914ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தரரெட்டி என்னும் மருத்துவரை மணந்தார். தம்மைத் தமக்கு நிகராக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குத் தடையாதல் கூடாது என்னும் உறுதிமொழியைப் பெற்ற பின்னரே அவர் மணத்திற்கு இசைந்தார். கணவரும் அவ்வுறுதியைக் காத்தார். சாதி வேற்றுமை பாராத அத்திருமணம் அடையாற்றில் எளிய முறையில் நடைபெற்றது.

சட்டமன்றத் தொண்டு

1925ஆம் ஆண்டில் அரசினர் உதவியுடன் இங்கிலாந்து சென்று, மகளிர் நோய், குழந்தை நோய் ஆகியவற்றில் மேற்பயிற்சி பெற்றார். தாயகம் திரும்பிய பின் சென்னைச் சட்டமன்றத்திற்கு உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். 1927ஆம் ஆண்டில் அம்மன்றத்தின் துணைத் தலைவராக உறுப்பினர் அனைவரும் ஒருமித்து அவரைத் தேர்ந்தெடுத்தனர். கல்லூரி வகுப்பில் திரைக்குப் பின் அமர்ந்தவர், நாட்டின் சட்டமன்றத்தில் அனைவர்க்கும் முன்னே தலைமை இருக்கையில் அமர்ந்தார். பிரித்தானிய இந்தியச் சட்டமன்றங்களில் இடம்பெற்ற முதற்பெண்மணியும் அவரே.

பதவியைத் தமக்குரிய அணிகலனாக அவர் கருதவில்லை. இளம்பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் அந்நாளில் நிலவியது. அவ்வழக்கத்தினால் அப்பெண்களின் வாழ்வு சீரழிந்தது. அவர்களது குலத்தில் பிறந்த ஒரே காரணத்தால் ஒரு குழந்தையின் எதிர்காலம் பிறப்பிலேயே முடிவு செய்யப்பட்டது. தாயாரின் குலத்தைச் சுட்டிக் கல்லூரி வாயிலில் தடுக்கப்பட்ட அம்மையார், அக்குழந்தைகளின் துன்பத்தைத் தம் துன்பமாகவே உணர்ந்தார். வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று 1927ஆம் ஆண்டில் தீர்மானம் கொணர்ந்தார்.

எதிர்ப்பு எழுந்தது. பழமையைக் காக்க வேண்டும் என்று வாதிட்டவரும் உளர். அவ்வழக்கத்தில் வாழ்ந்த மகளிருள் சிலரே, தம் வாழ்வாதாரம் பறிபோகுமோ என்று அஞ்சி எதிர்த்தனர். அவ்வச்சத்திற்குக் காரணம் இருந்தது. கோயில் தொண்டிற்காக அவர்க்கு வழங்கப்பட்ட நிலங்களே அவர்களது உணவிற்கு வழி. ஆதலின், தொண்டினின்றும் விடுபட்ட பின்னரும் அந்நிலங்கள் அவர்க்கே உரியனவாக வேண்டும் என்னும் வகையில் 1929ஆம் ஆண்டில் சட்டத்திருத்தம் நிறைவேறியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் மக்களிடையே இதற்காக உழைத்தனர். பொட்டுக்கட்டுதலை முற்றிலும் தடுக்கும் சட்டம் 1947ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளும் அம்மையார் தளரவில்லை.

1930ஆம் ஆண்டில் உப்பு அறப்போர் நிகழ்ந்தபோது காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டார். அதனைக் கண்டித்து முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். அரும்பாடுபட்டு அடைந்த இருக்கையாயினும், அறத்தின்பொருட்டு அதனை விட்டு எழவும் அவர் அறிந்திருந்தார்.

ஔவை இல்லம்

அவ்வாண்டில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்று அவரது வாழ்வின் போக்கை மேலும் தெளிவாக்கியது. பொட்டுக்கட்டும் குலத்தில் பிறந்து அவ்வாழ்வை வெறுத்த இளம்பெண்கள் மூவர், புகலிடம் தேடி அவரது இல்லத்தின் கதவைத் தட்டினர். அம்மையார் அவர்களை மாணவியர் விடுதியில் சேர்க்க முயன்றார். விடுதிகளோ, அவர்களது குலத்தைக் கேட்டதும் இடந்தர மறுத்தன. புதுக்கோட்டைக் கல்லூரியில் தாம் கேட்ட அதே மறுமொழியை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், சென்னையில் அம்மூவரின் பொருட்டு மீண்டும் கேட்டார்.

இப்பொழுது முறையிடுவதற்கு அரசர் ஒருவர் இல்லை. ஆனால், அம்மையார்க்கு ஒரு வீடு இருந்தது. அவ்வீட்டிலேயே மூவரையும் வைத்துக் காத்தார். அவர்களைத் தொடர்ந்து வேறு பெண்களும் வந்தனர். அடைத்த கதவுகளை எண்ணி வருந்துவதினும், அடைபடாத கதவு ஒன்றைத் தாமே அமைத்தல் நன்று என்று துணிந்தார். அவ்வாறு தோன்றியதே ஔவை இல்லம். பெண்ணினத்தின் பெருமைக்குச் சான்றாக விளங்கிய ஔவையாரின் பெயரை அதற்குச் சூட்டினார். பின்னர் அவ்வில்லம் அடையாற்றில் நிலைபெற்றது. ஆதரவற்ற பெண்களுக்கு உணவும் உறையுளும் மட்டுமன்றிக் கல்வியும் கைத்தொழிலும் அங்கே வழங்கப்பட்டன. பிறர் கையை எதிர்பாராது வாழும் வழியைக் கற்பித்தலே உண்மையான உதவி என்பது அவரது கொள்கை. முதற்கண் வந்த பெண்கள் மூவருள் ஒருவர் ஆசிரியராகவும், ஒருவர் மருத்துவராகவும், ஒருவர் செவிலியராகவும் உயர்ந்தனர் என்பர். விடுதியில் தங்கவும் தகாதவர் என்று விலக்கப்பட்டோர், பிறர்க்கு அறிவும் நலமும் அளிப்போர் ஆயினர்.

புற்றுநோய் மருத்துவமனை

அம்மையாரின் தங்கை 1923ஆம் ஆண்டில் புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று உரிய காலத்தில் அறியப்படவில்லை. மருத்துவராகிய தமக்கை, தம் கண்முன்னே தங்கை துன்புற்று மாய்வதைக் காண நேர்ந்தது. அன்று உற்ற புண் ஆறவில்லை. துயரத்தைக் கண்ணீரிலே கரைத்துவிடாமல், அந்நோய்க்கென ஒரு தனி மருத்துவமனை அமைத்தல் வேண்டும் என்னும் உறுதியாக அவர் மாற்றிக்கொண்டார். சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா 1935ஆம் ஆண்டில் நடைபெற்றபோது அவ்விருப்பத்தை அவையோர் முன் வெளியிட்டார்.

புற்றுநோய் என்றாலே இறப்பு உறுதி என்று கற்றோரும் கருதிய காலம் அது. தீராத நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று பலர் வினவினர். விடுதலை பெற்ற பின்னரும் அரசினரது உதவி எளிதில் கிட்டவில்லை. மீண்டும் ஓர் அடைத்த கதவு. மீண்டும் அதே வினா. அப்பொழுது அம்மையார்க்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. பதினாறு வயதில் விடைகண்ட முறையிலேயே அறுபதிலும் விடை கண்டார். இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் நிதி திரட்டலானார். செல்வரிடமும் எளியோரிடமும் கையேந்தினார். தமக்கென இரத்தற்கு நாணும் உயர்ந்தோர், பிறர்க்கென இரத்தற்கு நாணுவதில்லை.

1952ஆம் ஆண்டில் பண்டித நேரு அடையாற்றில் அம்மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் அது செயற்படத் தொடங்கியது. தொடக்கத்தில் அங்கே இருந்த படுக்கைகள் 12 மட்டுமே. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் வளர்ச்சிக்குத் தம்மை ஒப்படைத்தார். 1955ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021ஆம் ஆண்டில் மறையும் வரை அங்கேயே தொண்டாற்றினார். இன்று ஐந்நூறுக்கு மேற்பட்ட படுக்கைகளுடன் அந்நிலையம் விளங்குகின்றது. பொருள் வசதியற்ற நோயாளர் பலரும் அங்கே மருத்துவம் பெறுகின்றனர்.

அம்மையாரின் தொண்டைப் பாராட்டி இந்திய அரசு 1956ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள், தம் 82ஆம் பிறந்த நாளுக்கு எட்டு நாள் முன்னர், அவர் இயற்கை எய்தினார். தமிழக அரசு, ஏழைத் தாய்மார்க்கு வழங்கும் மகப்பேறு உதவித் திட்டத்திற்கு அவரது பெயரைச் சூட்டியுள்ளது.

திறவாத கதவு

முத்துலட்சுமி அம்மையார்க்குத் துணைநிற்க அறிவுடைய தந்தையாரும் நடுவுநிலை உடைய அரசரும் வாய்த்தனர்; எல்லார்க்கும் அவ்வாறு வாய்க்குமோ என்று சிலர் ஐயுறலாம். அவ்வையம் முறையானதே. எவரும் துணைநில்லாத நிலையில் ஒருவர் என்செய்வது என்பதற்கு, வேறொரு நாட்டிலிருந்து ஒரு சான்று காட்டலாம்.

1805ஆம் ஆண்டில் ஜமைக்காத் தீவில் பிறந்த மேரி சீகோல் என்னும் கருநிறப் பெண்மணி, நோயாளரைப் பேணும் கலையைத் தம் தாயாரிடம் கற்றவர். கிரிமியப் போர் நிகழ்ந்தபோது, புண்பட்ட வீரர்க்குத் தொண்டு செய்ய விரும்பி 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகர் சென்று விண்ணப்பித்தார். செவிலியராக அவரைச் சேர்த்துக்கொள்ள எவரும் இசையவில்லை. ஓரிடத்தில் மறுத்தனர், வேறிடம் சென்றார், அங்கும் மறுத்தனர். அக்கதவு இறுதி வரையிலும் அவர்க்குத் திறக்கவே இல்லை. அவரோ, தாம் விரும்பியது செவிலியர் என்னும் பெயரை அன்று, நோயாளரைப் பேணும் பணியையே என்று தெளிந்தார். தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் போர்க்களத்தை அடைந்து, 1855ஆம் ஆண்டில் பாலக்கிளாவா நகரின் அருகே ஒரு விடுதியை அமைத்தார். பசித்த வீரர்க்கு உணவும், நோயுற்றோர்க்கு மருந்தும் அளித்தார். போர் முடிந்தபோது பொருளை இழந்து வறியரானார். ஆயினும் வீரர்களின் நன்றியை நிரம்பப் பெற்றார். இன்று ஆங்கில நாடு அவரைப் பெருமையுடன் நினைவுகூர்கின்றது.

இவ்விருவர் வாழ்விலும் ஒருண்மை விளங்குகின்றது. இடம் மறுக்கப்பட்டபோது அவர்கள் முதலில் எண்ணிப் பார்த்தது, தாம் உண்மையில் விழைந்தது யாது என்பதனையே. கல்லூரி ஒரு வழி, தொண்டே ஊர். ஒரு வழி அடைபட்டால் ஊர் இல்லாமற் போய்விடாது. மறுவழி நெடிதாகவும் கல்லும் முள்ளும் நிறைந்ததாகவும் இருக்கலாம். ஊரை மறவாதவர் அதில் நடந்து செல்வர்.

மாணவ மாணவியரே! உங்களுள் சிலர் நாளை ஒரு கல்விக்கு விண்ணப்பித்து இடம் பெறாது திரும்ப நேரலாம். அன்று ஒரு நாள் வருந்துங்கள், வருந்துதல் இயல்பே. மறுநாள் காலையில் மூன்றனை எண்ணிப் பாருங்கள். குறை நம்பால் உள்ளதா எனில், அடுத்த தேர்வுக்கு முன் கற்றுத் திருத்திக்கொள்ளலாம். குறை வாயிலில் உள்ளதா எனில், அஞ்சாது முறையிடலாம். இரண்டும் பயன்படவில்லையா எனில், நீங்கள் விழைந்த பணிக்குச் செல்லும் வேறு வழியைத் தேடலாம். ஓராண்டு காத்திருத்தல் தோல்வி அன்று. காத்திருக்கும் காலத்தில் நூலை மூடி வைத்தலே தோல்வி.

மற்றொன்றும் மறவாதீர்கள். தமக்குக் கதவு திறந்தவுடன் உள்ளே சென்று அதனைச் சாத்திக்கொள்வோர் உலகில் பலர். தாம் நுழைந்த கதவைத் தமக்குப் பின் வருவோர்க்காகத் திறந்து பிடித்து நிற்போர் சிலரே. முத்துலட்சுமி அம்மையார் அச்சிலருள் ஒருவர். நள்ளிரவிலும் தட்டினால் திறக்கும் கதவு ஒன்றை அவர் கட்டி வைத்தார். பிள்ளைச்சாவடியிலோ வேறோர் ஊரிலோ இடம் பெறாது கலங்கி நிற்கும் ஒரு பெண், அவரது வாழ்வை நினைந்து கண்ணீரைத் துடைத்து மீண்டும் நூலைக் கையில் எடுப்பாளாயின், அம்மையாரின் தொண்டு இன்றும் தொடர்கின்றது என்றே கொள்ளல் வேண்டும்.